தொலைநோக்கியே விளக்காக எரிந்தால்

10 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தில் மட்டும் பார்க்கிற கண் நமக்கு வாய்த்திருந்தால், இரவு என்ற ஒன்றே நமக்குத் தெரிந்திருக்காது. விளக்கை அணைத்த அறையில் சுவர் ஒளிரும், கட்டில் ஒளிரும், பக்கத்தில் தூங்குகிற குழந்தையின் முகம் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று தெரியும். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் நள்ளிரவு வானமும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். சூடு உள்ள எந்தப் பொருளும் கதிர் உமிழ்கிறது; நம் அறை அளவு சூட்டில் இருக்கும் பொருள் உமிழும் கதிர் உச்சத்தை எட்டுவது இந்த 10 மைக்ரானை ஒட்டித்தான். சிவப்பைவிட நீளமான அலை கொண்ட, கண்ணுக்குத் தெரியாத இந்தக் கதிருக்குத்தான் அகச்சிவப்பு என்று பெயர். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கண்ணும் உடம்போடு சேர்ந்து 37 டிகிரியில் இருப்பதால் விழியின் உட்புறமே ஒளிரும். வெளியிலிருந்து வரும் மங்கலான வெளிச்சம் அந்தச் சொந்த வெளிச்சத்தில் மூழ்கிப்போகும்.

அகச்சிவப்புத் தொலைநோக்கி கட்டுகிறவர்கள் இத்தனை ஆண்டுகளாக மல்லுக்கட்டுவது இந்தச் சங்கடத்தோடுதான். கண்ணாடி, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம், குவிமாடம், மேலே இருக்கும் காற்று, படம் பிடிக்கும் கருவி எல்லாமே அவர்களுக்கு விளக்குகள். எரியும் விளக்கை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தூரத்து மின்மினியைத் தேடுவது போன்ற வேலை.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி படம் அனுப்பத் தொடங்கியதிலிருந்து ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. வெப்தான் மேலே இருக்கிறதே, அப்புறம் எதற்குச் சிலி நாட்டு மலையில் 39 மீட்டர் அகலத்துக்கு ஒன்றைக் கட்டுகிறார்கள்? இதையே திருப்பிப் போட்டும் கேட்கலாம். தரையில் 39 மீட்டர் கட்ட முடியுமென்றால், வெறும் 6.5 மீட்டர் கண்ணாடியை மேலே அனுப்ப ஏன் 1,000 கோடி டாலர்? இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் விடை சூட்டில் இருக்கிறது.

முதலில், இவ்வளவு பாடுபட்டு அகச்சிவப்பில் எதைப் பார்க்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் பால்வெளியின் மையம் தனுசு ராசிப் பக்கம் சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நமக்கும் அதற்கும் நடுவே தூசு. புகையின் துகளைப் போல மிக நுண்ணிய தூசு. பெரும்பாலான துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. அங்கிருந்து நம்மை நோக்கிக் கிளம்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறத்தாழ லட்சம் கோடியில் ஒரு பங்குதான் இங்கே வந்து சேர்கிறது. 2.2 மைக்ரானுக்குப் போனால் கணக்கே மாறிவிடுகிறது: பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடுகிறது. துகளைவிட நீளமான அலை, துகளைச் சட்டை செய்யாமல் கடந்து போய்விடும் என்பதுதான் காரணம்.

அந்தப் பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு இரண்டு குழுக்கள் 1990களிலிருந்து ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆண்ட்ரியா கெஸ் தலைமையிலான குழு ஹவாய் தீவின் கெக் தொலைநோக்கியில். ரைன்ஹார்ட் கென்சல் தலைமையிலான குழு சிலியில். மையத்தைச் சுற்றும் நட்சத்திரங்களில் எஸ்2 என்று பெயரிட்ட ஒன்று 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. 2018 மே மாதம் அது மையத்துக்கு மிக அருகில் வந்தபோது அதன் வேகம் நொடிக்கு 7,600 கிலோமீட்டருக்கு மேல். அப்படி ஒரு நட்சத்திரத்தைச் சுழற்றி வீச, சூரியனைப் போல 40 லட்சம் மடங்குக்கு மேல் நிறை அங்கே ஒரு சிறிய இடத்தில் அடைந்து கிடக்க வேண்டும். அங்கே இருப்பது கருந்துளைதான் என்று சொல்ல இந்தச் சுற்றுப்பாதை போதுமானதாக இருந்தது. 2020ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பாதி இவர்கள் இருவருக்கும் போனது. ஒரு மனிதரின் பணிக்காலத்தில் பெரும்பகுதியை ஒரே ஒரு புள்ளியைப் பார்ப்பதற்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

தூசைத் தாண்டிப் பார்ப்பது ஒரு பயன். குளிர்ந்த பொருள்களைப் பார்ப்பது இன்னொன்று: கோள்கள், இன்னும் நட்சத்திரமாகாத மேகங்கள், வால்மீன்கள். இவை ஒளிர்வதே அகச்சிவப்பில்தான். மூன்றாவது, பிரபஞ்சம் விரிவதால் வருவது. மிகத் தொலைவில் உள்ள விண்மீன்திரளிலிருந்து 0.12 மைக்ரானில் புற ஊதாக் கதிராகப் புறப்பட்ட ஒளி, வழியில் 15 மடங்கு நீண்டு, இங்கே வரும்போது 1.8 மைக்ரான் அகச்சிவப்பாகிவிடுகிறது. மகாவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகளுக்குள் ஒளிர்ந்த விண்மீன்திரள்களை வெப் கண்டுபிடித்தது இப்படித்தான்.

சரி, இந்தக் கதிர் தரைக்கு வருகிறதா? அரைகுறையாகத்தான் வருகிறது. காற்றில் இருக்கும் நீராவியும் கரியமில வாயுவும் அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. நடுநடுவே சில சன்னல்கள் மட்டும் திறந்திருக்கின்றன: 1.25 மைக்ரான் பக்கம் ஒன்று, 1.65இல் ஒன்று, 2.2இல் ஒன்று, அப்புறம் 3.5, 5, 10, 20 என்று போகப் போக அழுக்கேறிய சன்னல்கள். 30 மைக்ரானுக்கு மேல் சில நூறு மைக்ரான் வரை கிட்டத்தட்ட முழுச் சுவர். இதில் 4.3 மைக்ரான் பக்கத்துச் சுவரைக் கட்டியிருப்பது கரியமில வாயு. 2022இல் வெப், வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் டபிள்யூஏஎஸ்பி-39பி என்ற புறக்கோளின் காற்றில் கரியமில வாயு இருப்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியதே, அது இந்த 4.3 மைக்ரானில் தெரிந்த பள்ளத்தை வைத்துத்தான். தரையில் எவ்வளவு பெரிய தொலைநோக்கி இருந்தாலும் அந்தப் பள்ளத்தைப் பார்க்க முடியாது. எந்த வாயுவைத் தேடுகிறோமோ அதே வாயு நம் தலைக்கு மேலேயே திரை போட்டு நிற்கிறது.

நீராவியிடமிருந்து தப்ப ஒரே வழி உயரம். நீராவி காற்றின் கீழ்ப்பகுதியிலேயே தங்கிவிடும் சுபாவம் கொண்டது. சில கிலோமீட்டர் மேலேறினால் பெரும்பகுதி காலுக்குக் கீழே போய்விடும். அதனால்தான் ஹவாயின் மௌனா கேயா உச்சியில் 4,200 மீட்டரிலும், சிலியின் அடகாமா பாலைவனத்து மலைகளிலும், லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டரிலும் போய் உட்கார்ந்தார்கள். டோக்கியோ பல்கலைக்கழகம் அடகாமாவில் 5,640 மீட்டர் உயரத்தில் 6.5 மீட்டர் தொலைநோக்கிக்கு இடம் பிடித்திருக்கிறது. மனிதர் மூச்சுவிடவே திணறும் உயரம். நம் ஊர் காவலூர் வானாய்வகம் 725 மீட்டரில் ஜவ்வாது மலையில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அங்கே அருமையான வேலை நடந்திருக்கிறது. ஆனால் 10 மைக்ரான் வேலைக்கு அந்தக் காற்றின் ஈரம் விடாது.

மலை போதாதபோது விமானத்தில் ஏறினார்கள். 1974 முதல் 1995 வரை, ராணுவச் சரக்கு விமானம் ஒன்றின் பக்கவாட்டில் 91 சென்டிமீட்டர் தொலைநோக்கியைப் பொருத்தி நாசா பறக்கவிட்டது. கைப்பர் என்று பெயர். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977 மார்ச் 10ஆம் தேதி இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்தபடி கண்டுபிடித்தது அதுதான். ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் மறைக்கப் போகும் நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் சில முறை மினுக்கி மினுக்கி மங்கியது. அதே இரவில் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியிலும் அந்த நட்சத்திரம் மங்கியது பதிவானது. கைப்பருக்குப் பிறகு சோஃபியா வந்தது: போயிங் 747 விமானத்தில் பெரிய கதவு ஒன்றை வெட்டி, உள்ளே 2.7 மீட்டர் கண்ணாடி. நிலவில் வெயில் படும் பகுதியிலேயே நீர் மூலக்கூறுகள் இருப்பதை 2020இல் சொன்னது. பறக்கவிடும் செலவு ஆண்டுக்கு 8 கோடி டாலரைத் தாண்டியதால் 2022 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

இந்தத் துறை வளர்ந்த கதையில் எனக்குப் பிடித்த பகுதி 1960களில் நடந்தது. அகச்சிவப்பு இருப்பது 1800ஆம் ஆண்டிலேயே தெரியும். வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வைத்தபோதுதான் வெப்பமானி அதிகம் ஏறியது. ஆனால் அதற்குப் பிறகு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல், வானத்திலிருந்து வரும் மெல்லிய வெப்பத்தை அளக்கத் தக்க உணரி கிடைக்கவில்லை. 1961இல் ஃபிராங்க் லோ, ஜெர்மேனியத் துண்டு ஒன்றைத் திரவ ஹீலியத்தில் குளிர்வித்து, அதன் மேல் விழும் மிகச் சிறிய சூட்டையும் அளக்கும் கருவியைச் செய்தார். அதே காலத்தில் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் கெரி நாய்கபவரும் ராபர்ட் லேட்டனும் வானம் முழுதையும் 2.2 மைக்ரானில் அலச நினைத்தார்கள். பெரிய கண்ணாடி வாங்கப் பணம் இல்லை. அகலமான அலுமினியத் தட்டில் பிசினை ஊற்றித் தட்டைச் சுழலவிட்டார்கள். சுழலும் திரவம் தானாகவே நடுவில் குழிந்து பரவளைய வடிவம் எடுக்கும். பிசின் இறுகும்வரை சுழற்றினால் 1.5 மீட்டர் கண்ணாடி தயார். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அது கரடுமுரடானது. நீளமான அகச்சிவப்பு அலைக்கு அது போதும். அந்தத் தட்டு இல்லாமல் 1969இல் வெளிவந்த 5,600க்கும் மேற்பட்ட அகச்சிவப்பு மூலங்களின் பட்டியல் இல்லை. வழக்கமான நட்சத்திரப் படங்களில் கண்ணில் படாமல், அகச்சிவப்பில் மட்டும் பளிச்சிடும் பொருள்கள் அதில் இருந்தன.

அன்றைக்கு உணரி என்றால் ஒரே ஒரு புள்ளி. படம் வேண்டுமென்றால் வானத்தை அங்குலம் அங்குலமாகத் தடவிப் புள்ளி புள்ளியாகச் சேர்க்க வேண்டும். 1980களின் நடுவில்தான் சில ஆயிரம் புள்ளிகள் கொண்ட அகச்சிவப்புக் கேமரா தொலைநோக்கிகளுக்கு வந்தது. இன்று வெப்பில் இருக்கும் பெரும்பாலான உணரிச் சில்லுகளில் ஒவ்வொன்றிலும் 40 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள்.

இப்போது மறுபடி அந்த எரியும் விளக்குக்கு வருவோம். தரையில் 10 மைக்ரானில் வேலை செய்பவருக்கு வானத்து வெளிச்சமும் தொலைநோக்கியின் வெளிச்சமும் சேர்ந்து, அவர் தேடும் நட்சத்திரத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு பிரகாசமாக இருக்கும். அந்த வெளிச்சம் நிலையாகவும் இருக்காது. காற்று அசைய அசைய ஏறி இறங்கும். இதைச் சமாளிக்க ஓர் உத்தி: தொலைநோக்கியின் இரண்டாம் கண்ணாடியை நொடிக்குச் சில முறை இப்படியும் அப்படியும் ஆட்டுவார்கள். ஒருமுறை நட்சத்திரம் உள்ள இடம், மறுமுறை பக்கத்து வெற்றிடம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரண்டுக்கும் பொதுவான வெளிச்சம் போய்விடும், நட்சத்திரம் மிஞ்சும். கேட்க எளிது. ஆனால் பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய எண்ணைப் பெறும்போது, அந்தப் பெரிய எண்ணின் நடுக்கம் விடையில் ஒட்டிக்கொண்டே வரும். அதற்கு மருந்து இல்லை.

கண்ணாடியின் பூச்சும் இந்தக் கணக்கில் சேரும். எந்தப் பரப்பு எவ்வளவு கதிரை விழுங்குகிறதோ, அதே விகிதத்தில் அது உமிழவும் செய்யும் என்பது இயற்பியல் விதி. நூற்றுக்கு மூன்று பங்கு விழுங்கும் அலுமினியத்தைவிட, ஒன்றரைப் பங்கு மட்டும் விழுங்கும் வெள்ளி பாதி அளவுதான் ஒளிரும். அதனால் ஹவாயில் உள்ள 8.1 மீட்டர் ஜெமினி தொலைநோக்கிக்கு வெள்ளி பூசினார்கள். வெப்புக்குத் தங்கம், 18 துண்டுகளுக்கும் சேர்த்து மொத்தம் 50 கிராம்கூட ஆகவில்லை. நீல ஒளியைத் தங்கம் சரியாகத் திருப்பாது, அதனால்தான் அது தங்க நிறம். வெப் 0.6 மைக்ரானில், அதாவது ஆரஞ்சு நிறத்தில் பார்க்கத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விண்வெளிக்குப் போனால் காற்று என்ற விளக்கு அணைந்துவிடும். தொலைநோக்கி என்ற விளக்கை நாம்தான் அணைக்க வேண்டும். 1983 ஜனவரியில் அமெரிக்காவும் நெதர்லாந்தும் பிரிட்டனும் சேர்ந்து ஏவிய ஐராஸ் தொலைநோக்கியின் கண்ணாடி 57 சென்டிமீட்டர்தான். ஆனால் அது முழுவதும் திரவ ஹீலியம் நிரப்பிய பெரிய தெர்மாஸ் குடுவைக்குள் இருந்தது. குளிர்ந்த அந்தச் சிறிய கண்ணாடி 10 மாதத்தில் ஏறத்தாழ வானம் முழுதையும் அலசி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மூலங்களைக் கண்டது. நாம் அபிஜித் என்று சொல்லும் வேகா நட்சத்திரத்தைக் கருவியைச் சரிபார்ப்பதற்காகப் பார்க்கப்போய், அதைச் சுற்றித் தூசு வட்டு இருப்பதைக் கண்டுபிடித்தது. சூரியனைத் தவிர வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றிக் கோள்களின் மூலப்பொருள் கிடக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் தடயம் அது. 10 மாதத்தில் ஹீலியம் ஆவியாகித் தீர்ந்தது. தொலைநோக்கி சூடாகிக் குருடானது.

இந்த ஹீலியம்தான் பல ஆண்டுகளுக்கு விண்வெளித் தொலைநோக்கிகளின் ஆயுள்ரேகை. ஐரோப்பாவின் ஹெர்ஷல் தொலைநோக்கி 2009இல் 2,300 லிட்டருக்கும் அதிகமான ஹீலியத்தோடு போனது; 2013 ஏப்ரலில் கடைசிச் சொட்டு தீர்ந்ததோடு அதன் வேலை முடிந்தது. கண்ணாடியைப் பெரிதாக்கினால் குடுவையும் பெரிதாக வேண்டும், எந்த ராக்கெட்டும் தாங்காது. இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வர எடின்பரோவில் இருந்த டிம் ஹாவர்டனும், ஏற்கெனவே சொன்ன ஃபிராங்க் லோவும் காட்டிய வழி எளிமையானது. விண்வெளியே பெரிய குளிர்சாதனப் பெட்டி. சூரியனையும் பூமியையும் நன்றாக மறைத்துவிட்டுச் சும்மா விட்டால், தொலைநோக்கி தன் சூட்டைத் தானே விண்வெளிக்கு உமிழ்ந்து குளிர்ந்துவிடும். 2003இல் போன ஸ்பிட்சர் இந்த யோசனையைப் பாதி பின்பற்றியது: கருவிகள் மட்டும் ஹீலியக் குடுவைக்குள், தொலைநோக்கி வெளியே. அதனால் 360 லிட்டரே ஐந்தரை ஆண்டுக்கு மேல் தாங்கியது. 2009 மே மாதம் ஹீலியம் தீர்ந்த பின்பும், சும்மாவே சுமார் 30 கெல்வினில் (கெல்வின் என்பது மைனஸ் 273 டிகிரி செல்சியஸிலிருந்து எண்ணும் அளவு) இருந்தபடி 2020 வரை வேலை செய்தது. டிராப்பிஸ்ட்-1 என்ற நட்சத்திரத்தைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதை 2017இல் உலகம் அறிந்தது ஹீலியம் இல்லாத அந்த ஸ்பிட்சரால்தான்.

வெப் அந்த யோசனையின் முழு வடிவம். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், சூரியனும் பூமியும் எப்போதும் ஒரே பக்கம் இருக்கும் இடத்தில் அது நிற்கிறது. நடுவே டென்னிஸ் மைதான அளவுக்குக் குடை. முடியளவு மெல்லிய ஐந்து அடுக்குப் படலம். வெயில் படும் பக்கம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூடு. சில மீட்டர் தள்ளி நிழல் பக்கம் மைனஸ் 230 டிகிரி. ஒரே ஒரு கருவிக்கு மட்டும் அதுவும் போதாது. 28 மைக்ரான் வரை பார்க்கும் மிரி கருவியை 7 கெல்வினுக்கும் கீழே வைத்திருக்க, மூடிய குழாயில் ஹீலிய வாயுவைச் சுற்றவிடும் குளிர்விப்பான் இருக்கிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜ் போலத்தான். ஆவியாகித் தீர எதுவும் இல்லை.

அந்தக் கண்ணாடிகளைச் செய்த விதம் தனியாகச் சொல்லத்தக்கது. பெரிலியம் என்ற இலேசான உலோகத்தில் 18 அறுகோணத் துண்டுகள். தேய்ப்பது சாதாரண அறையில். வேலை செய்ய வேண்டியதோ மைனஸ் 230 டிகிரியில். குளிர்ந்தால் உலோகம் சுருங்கி வளையும். ஆகவே கலிபோர்னியாவில் தேய்த்ததை அலபாமாவுக்குக் கொண்டுபோய், பெரிய வெற்றிட அறையில் குளிரவைத்து எங்கெங்கே எவ்வளவு கோணுகிறது என்று அளந்தார்கள். பிறகு திரும்பக் கொண்டுவந்து அந்தக் கோணலுக்கு எதிர்க் கோணலைத் தேய்த்து ஏற்றினார்கள். அதாவது நம் அறையில் வைத்துப் பார்த்தால் அது வேண்டுமென்றே பிழையாகச் செய்த கண்ணாடி, குளிர்ந்தால்தான் சரியாகும். 2021 டிசம்பர் 25ஆம் தேதி ஏவி, 2022 பிப்ரவரியில் முதன்முதலாக ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தபோது அது 18 தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிந்தது. பல வாரங்கள் ஒவ்வொரு துண்டாக நகர்த்தி அந்தப் பதினெட்டையும் ஒன்றாக்கினார்கள். செலவும் தாமதமும் பற்றி எவ்வளவோ குறை சொல்லியிருக்கிறார்கள். சரிதான், திட்டமிட்டதைவிட மிக அதிகம்தான் ஆனது. ஆனால் போய்ப் பழுதுபார்க்கவே முடியாத இடத்துக்கு இப்படி ஒன்றை அனுப்பி, அது விரிந்து, குளிர்ந்து, கூர்மையாகப் பார்த்தது என்பதில் எனக்கு இன்றுவரை வியப்பு தீரவில்லை.

அப்படியானால் தரைத் தொலைநோக்கி எதற்கு? கூர்மைக்கு. ஒரு தொலைநோக்கி எவ்வளவு நுண்ணிய விவரத்தைப் பிரித்துக் காட்டும் என்பதைக் கண்ணாடியின் அகலமும் அலைநீளமும் முடிவு செய்கின்றன. குளிருக்கு அதில் பங்கு இல்லை. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் வருவது ஒரு விகலை. 2.2 மைக்ரானில் வெப்பால் 0.07 விகலை அளவு வரை பிரிக்க முடியும். 39 மீட்டர் கண்ணாடிக்கு அது 0.012 விகலை. ஒளியைச் சேர்க்கும் பரப்பிலும் சுமார் 38 மடங்கு வித்தியாசம். நெருக்கமான இரண்டு நட்சத்திரங்களைப் பிரிக்க, ஒரு நட்சத்திரத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கோளைத் தனியாகக் காண, பால்வெளி மையத்தில் எஸ்2வைவிட உள்ளே சுற்றும் மங்கலான நட்சத்திரங்களைத் தேட இந்தக் கூர்மைதான் வேண்டும்.

ஆனால் தரையில் காற்று அசைந்து படத்தைக் கலைத்துவிடும். நட்சத்திரம் மினுக்குவது என்று நாம் ரசிப்பது வானியலாளருக்குத் தலைவலி. இங்கேதான் அகச்சிவப்பு தரைக்காரர்களுக்கு ஒரு சலுகை தருகிறது. அலைநீளம் கூடக் கூடக் காற்றின் கலைப்பு குறைகிறது; 2.2 மைக்ரானில் காற்று, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இருப்பதைவிடச் சுமார் ஆறு மடங்கு அமைதியான காற்று. ஆகவே அதைத் திருத்துவதும் எளிது. 90 கிலோமீட்டர் உயரத்தில் எரிகற்கள் விட்டுப்போன சோடியம் மெல்லிய அடுக்காகக் கிடக்கிறது. மஞ்சள் லேசரை அதன் மேல் பாய்ச்சினால் செயற்கை நட்சத்திரம் ஒன்று கிடைக்கும். அது எப்படிக் கலைகிறது என்று நொடிக்குப் பல நூறு முறை அளந்து, வளையும் கண்ணாடி ஒன்றை அதற்கு எதிராக வளைத்தால் காற்றின் சேட்டை அடங்கும். தகவமைவு ஒளியியல் என்று இதற்குப் பெயர். எஸ்2வின் பாதையைத் துல்லியமாக வரைய முடிந்தது இந்த உத்தி கைகூடிய பிறகுதான்.

சிலியின் செர்ரோ அர்மசோனெஸ் மலையில், 3,046 மீட்டர் உயரத்தில், ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம் கட்டிவரும் மாபெரும் தொலைநோக்கிக்குள் இந்த உத்தியே உடம்பின் உறுப்பாக இருக்கிறது. முதன்மைக் கண்ணாடி 798 அறுகோணத் துண்டுகள். நான்காம் கண்ணாடி 2.4 மீட்டர் அகலம். அதன் பின்னால் 5,000க்கும் மேற்பட்ட சிறு விசைகள் நொடிக்கு ஆயிரம் முறை வரை அதை வளைக்கும். துண்டுகளைச் சேர்த்துப் பெரிய கண்ணாடி செய்யலாம் என்று முதலில் காட்டியது கெக். ஜெர்ரி நெல்சன் 36 துண்டுகளில் 10 மீட்டர் என்று சொன்னபோது நம்பாதவர்கள் நிறையப் பேர். இன்று வெப்பும் அர்மசோனெஸும் அவர் போட்ட பாதையில் போகின்றன.

இதே வரிசையில் இந்தியாவும் பங்காளியாக இருக்கும் ஒரு திட்டம் உண்டு: 492 துண்டுகளில் 30 மீட்டர் தொலைநோக்கி. 2014இல் இந்தியா சேர்ந்தது. பெங்களூரு அருகே ஹோஸ்கோட்டேயில் இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் வளாகத்தில் துண்டுகளைத் தேய்ப்பதற்கான கூடம் அமைந்தது. ஆனால் தொலைநோக்கி நிற்க வேண்டிய இடம் மௌனா கேயா, ஹவாய் மக்களின் புனித மலை. ஏற்கெனவே பன்னிரண்டுக்கும் மேற்பட்ட தொலைநோக்கிகளைத் தாங்கிய மலையில் இன்னொன்று வேண்டாம் என்று 2015இலும் 2019இலும் அவர்கள் பாதையை மறித்தார்கள். பெரியவர்கள் சாலையில் அமர்ந்து கைதானார்கள். அவர்களை அறிவியலின் எதிரிகள் என்று சிலர் எழுதியதை நான் ஏற்கவில்லை. பசிபிக்கில் நட்சத்திரம் பார்த்தே கடல் கடந்த மூதாதையரின் வழிவந்தவர்கள் அவர்கள். கேட்காமலேயே எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் அவர்களின் வருத்தம், அதில் நியாயம் இருக்கிறது. கட்டுமானம் இன்னும் தொடங்கவில்லை. அமெரிக்க அரசின் பணம் சிலியில் எழும் 25 மீட்டர் மெகல்லன் தொலைநோக்கியின் பக்கம் சாய்ந்துவிட்டது. 2025இல் ஸ்பெயின், தன் கானரித் தீவுகளில் உள்ள லா பால்மாவுக்கு வந்தால் 40 கோடி யூரோ தருவதாகச் சொல்லியிருக்கிறது. லா பால்மா மௌனா கேயாவைவிட ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தாழ்வு. ஈரம் கூடும், நீள அலைநீளங்களில் சன்னல் கொஞ்சம் மங்கும். 2.2 மைக்ரான் வேலைக்கு அது பெரிய தடை அல்ல. 10, 20 மைக்ரானுக்கு இழப்புதான்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது இன்னொரு விஷயம். 30 மைக்ரானிலிருந்து 300 மைக்ரான் வரை உள்ள தொலை அகச்சிவப்பில் இன்று பெரிய வானாய்வகம் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. தரையில் சுவர். வெப் 28 மைக்ரானோடு நின்றுவிடுகிறது. ஹெர்ஷல் 2013இல் போயிற்று, சோஃபியா 2022இல். ஒரு காலத்தில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார்கூட ஹைதராபாத்திலிருந்து பெரிய பலூனில் 1 மீட்டர் தொலைநோக்கியை அனுப்பி இந்தக் கதிரைப் பார்த்தார்கள். நட்சத்திரங்கள் இதுவரை வெளியிட்ட ஒளியில் ஏறத்தாழ பாதியைத் தூசு விழுங்கி, இந்த அலைநீளங்களில்தான் திருப்பி உமிழ்ந்திருக்கிறது. பிரபஞ்சத்தின் கணக்குப் புத்தகத்தில் பாதிப் பக்கங்களை இப்போது யாரும் புரட்டவில்லை. 2.5 மீட்டர் கண்ணாடியை 8 கெல்வினுக்கும் கீழே குளிர்வித்து அனுப்ப ஐரோப்பாவும் ஜப்பானும் வகுத்த ஸ்பிகா திட்டத்தை 2020இல் கைவிட்டார்கள்.

2024 அக்டோபரில் நாசா இரண்டு திட்டங்களை முதல்கட்டமாகத் தேர்ந்தெடுத்தது. ஒன்று எக்ஸ் கதிருக்கு, மற்றொன்று பிரிமா என்ற தொலை அகச்சிவப்புத் தொலைநோக்கி. இரண்டில் ஒன்றுதான் கட்டப்படும். 2032இல் ஏவ உத்தேசம். பிரிமாவின் கண்ணாடி 1.8 மீட்டர். ஹெர்ஷலின் 3.5 மீட்டரில் ஏறத்தாழ பாதிதான், இவ்வளவு ஆண்டு கழித்து ஏன் பின்னோக்கிப் போகிறார்கள் என்று தோன்றும். ஹெர்ஷலின் கருவிகள்தான் ஹீலியத்தில் இருந்தன. அதன் கண்ணாடி 85 கெல்வின் சூட்டில் இருந்தது. தொலை அகச்சிவப்பில் அது எரியும் விளக்கு. பிரிமாவின் கண்ணாடியை 4.5 கெல்வினில் வைக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். அந்தக் குளிரில் கண்ணாடி ஏறத்தாழ முற்றிலும் இருண்டுவிடும். ஹெர்ஷல் மணிக்கணக்கில் உற்றுப் பார்த்தும் காணாத மங்கலான தூசு மேகங்களை, அதைவிடச் சிறிய இந்தக் கண்ணாடியால் காண முடியும்.